பின்பக்கத்துப் புள்ளி

எதையும் திருப்பிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பவர்கள், ஜவுளிக் கடையில் புடவையின் உள்பக்கம் பார்ப்பவர்கள், இவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொன்னேரி மார்க்கெட்டில் என் மாமியாரே கேட்டுவிட்டார். "இன்னாடி, நான் காயப் பொரட்டிப் பாத்தா ஒனக்கு இன்னா பேஜாரு?" அவரிடம் என்னவென்று சொல்வேன். அப்படித் திருப்பிப் பார்க்கிற ஒருத்தரோடு ஐந்து வருடம் ஒரே அறையில் வேலை செய்தேன், அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான்தான் என்றா சொல்ல முடியும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் போய் விசாரிப்பார்கள். அந்தத் தொந்தரவாவது என்னால் அவருக்கு வேண்டாம். கம்பெனியில் எல்லாரும் டாக்டரம்மா என்றார்கள். நான் மேடம் என்பேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, எனக்கு மூன்று மாதம் மூப்புகூட. ஆனால் நான் பொன்னேரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பெயிண்டைச் சோதித்துக்கொண்டிருந்தவள். அவர் சென்னையில் பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எட்டு வருடம் பாலிமர் செய்தவர். அந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் காட்டியதில்லை. நான்தான் மனசுக்குள் அளந்துகொண்டே இருந்தேன்.

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஆலைக்கும் பூச்சிமருந்துக் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது. பெயிண்ட், வார்னிஷ், அச்சு மை செய்வோம். காலையில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் போகும்போது முதலில் கரி வாசனை வரும், கடைசியில் எங்கள் தின்னர் வாசனை வரும். தின்னர் வந்தால் இறங்க வேண்டும். அவர் கவரைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். நெல் விவசாயம் பார்க்கும் அப்பாவைத் தவிர வீட்டில் வேறு யாரும் கிடையாது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நான் கேட்டபோது, "பொண்ணு பாக்க வந்தவங்கள நான் திருப்பிப் பாத்துட்டேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

கேன்டீனில் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தால், இட்லியை ஸ்பூன் காம்பால் புரட்டி அடிப்பக்கம் பார்த்த பிறகுதான் சாம்பார் ஊற்றிக்கொள்வார். மாஸ்டருக்கு அது பெரிய அவமானம்.

"டாக்டரம்மா, ரெண்டு பக்கமும் வெந்துதான் கீது."

"வெந்துதான் இருக்கும் மாஸ்டர். நான் பாத்துக்கறேன், அவ்ளோதான்."

"நாங்க இன்னா, வெசமா வெக்கறோம்?"

"வெசத்த திருப்பிப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாது. நீங்களா சொன்னாதான் உண்டு."

டாக்டரம்மா என்ற பெயரை நம்பி லோடிங் ஆட்கள் காய்ச்சல், இடுப்பு வலி என்று லேபுக்கே வந்து நிற்பார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "நான் அந்த டாக்டர் இல்ல. இன்னொரு டாக்டரும் இல்ல. இன்னும் குடுக்கல."

"யாரும்மா குடுக்கல?"

"குடுக்க வேண்டியவங்க."

சொல்லிவிட்டுத் தன் கைப்பையில் இருந்து காய்ச்சல் மாத்திரை எடுப்பார். அட்டையைத் திருப்பி, காலாவதி மாதம் பார்த்துத்தான் கொடுப்பார். போன வாரம் அதே அட்டையில் இருந்துதான் இன்னொருத்தருக்குக் கொடுத்திருப்பார். இருந்தாலும் பார்ப்பார். இந்த அம்மாவோடு எப்படிக் குப்பை கொட்டுவது என்று எனக்கு ஆயாசமாக இருக்கும்.

வாட்ச்மேனின் மனைவி காம்பவுண்டு வேலியில் அவரைக்கொடி ஏற்றியிருந்தார். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வரும்போது மேடம் அங்கே நின்றுவிட்டார்.

"கொடி கம்பத்த எந்தப் பக்கமா சுத்தியிருக்கு பாரு."

"எந்தப் பக்கமா சுத்துனா இன்னா மேடம், காய் காச்சா சரி."

"பாருன்றேன்."

பார்த்தேன். இருபது கொடி இருக்கும். அத்தனையும் ஒரே பக்கமாகத்தான் சுற்றியிருந்தது. அவர் ஒரு நுனியைப் பிரித்து எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். அது தன்னை அவிழ்த்துக்கொண்டு பழைய பக்கத்துக்கே திரும்பியிருந்தது.

அவர் செய்த பாலிமரும் அந்த ஜாதிதான். நூல் மாதிரி நீளமான மூலக்கூறு, ஒரே பக்கமாகத்தான் முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சை வெளிச்சமும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டுதான் வெளியே வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. முறுக்கு இந்தப் பக்கம் என்றால் பிளஸ், அந்தப் பக்கம் என்றால் மைனஸ் என்று எண் காட்டும். இதற்குமேல் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

ஆனால் மெஷின் ஏமாறும். பாலிமரைக் கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்துத்தான் அளக்க வேண்டும். பூசும்போது ஒரே பக்கமாக இழுத்துவிட்டால், சீப்பால் வாரிய முடி மாதிரி நூலெல்லாம் ஒரு பக்கமாகப் படிந்துவிடும். அப்போது மெஷின் இல்லாத முறுக்கைப் பெரிதாகக் காட்டும். நிஜமா பொய்யா என்று தெரிந்துகொள்ளத் தகட்டைத் திருப்பி வைத்துப் பின்பக்கமிருந்தும் அளக்க வேண்டும். ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பிறகு அதைத் தலைகீழாகப் பிடித்தார்.

"சுத்து மாறுச்சா?"

"இல்ல மேடம்."

"நெஜம்னா அப்டி இருக்கணும். எந்தப் பக்கமிருந்து பாத்தாலும் ஒண்ணு. பொய்யின்னா பிளஸ்ஸு மைனஸ் ஆயிடும்."

அதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தகட்டின் முன்பக்க மூலையில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி. திருப்பி வைத்து அளந்து முடித்த பிறகு, பின்பக்க மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. சிவப்புப் புள்ளி இல்லாத தகடு லாக் புக்கில் ஏறியிருந்தாலும் அவர் கணக்கில் கிடையாது.

சென்னை ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு ஏன் வந்தார் என்பதை ஒரே மூச்சில் சொன்னதில்லை. நாங்கள் சாயங்கால ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒன்றாகத்தான் போவோம். அவர் கவரைப்பேட்டையில் இறங்கிவிடுவார், நான் பொன்னேரி வரை. அந்தச் சின்னப் பயணங்களில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துக்கொண்டேன். அங்கே அவர் செய்த முதல் பாலிமர் பெரிய எண் காட்டியிருக்கிறது. அவருடைய கைடு உடனே அதை வெளிநாட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார். கைடுக்குப் பாராட்டு, மாலை, மேடை எல்லாம் வந்தன. ஒரு வருடம் கழித்து இவருக்குத் தோன்றி, பழைய தகட்டை எடுத்துத் திருப்பி வைத்து அளந்தார். பிளஸ் மைனஸாகிவிட்டது. ஓடிப்போய் கைடிடம் சொன்னார். கைடு சொன்ன பதில் இதுதான்: "அத ஏம்மா திருப்பின?"

அந்த எண்ணைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை வைத்துத் தீசிஸ் கொடுத்தால் பட்டம். எடுத்துவிட்டால் எட்டு வருடமும் காற்று. இவர் எடுத்துவிட்டார். கைடு கையெழுத்துப் போட மறுத்தார். விஷயம் அவ்வளவுதான்.

"நீங்க திருப்பாம இருந்திருந்தா இன்னா மேடம், யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. அதான் கஷ்டம்" என்றார்.

எங்கள் முதலாளிக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். மருந்து டப்பாவில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்று செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. நிஜ மருந்தா போலியா என்று கடைக்காரர் ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஸ்டிக்கர் பச்சையாக எரிய வேண்டும், இன்னொரு கண்ணாடி வழியாகப் பார்த்தால் மங்க வேண்டும். அதற்காகத்தான் மேடத்தை வேலைக்கு எடுத்து, பழைய மெஷின் ஒன்றையும் வாங்கிப் போட்டார். மேடம் நாலு வருடம் உழைத்து ஒரு பாலிமர் செய்தார். செய்து பார்த்த ஒரே தகட்டில் முன்பக்கம் பிளஸ் நாலு. பின்பக்கம் பிளஸ் நாலு. ஆயிரத்துக்கு நாலு பங்கு முறுக்கு, அவ்வளவுதான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "நாலுன்னா எவன் கண்ணுக்கும்மா தெரியும்? பெருசா கொண்டாம்மா."

மேடத்துக்கு அந்த நாலு போதும். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். முன்னும் பின்னும் ஒரே எண் காட்டுகிற பாலிமர், அதை வைத்து நேர்மையாக எழுதிய ஒரு தீசிஸ். வேறொரு பேராசிரியர் கைடாக இருக்க ஒத்துக்கொண்டார். பல்கலைக்கழகமும் கடைசியாக ஒரு அவகாசம் கொடுத்தது. அந்த வருடம் டிசம்பர் முடிவதற்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பதிவே ரத்து. முப்பது தகடு செய்து, முப்பதையும் இரண்டு பக்கமும் அளந்து அட்டவணை போட்டால் வேலை முடிந்தது.

நவம்பர் மழையில் அவர் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மேடம் பத்து நாள் லீவு போட்டார். போகிற அன்று பாலிமர் கரைசல் இருந்த குடுவையை என் கையில் கொடுத்தார். மூன்று மாதம் உட்கார்ந்து செய்த பேட்ச் அது.

"சொட்டு உட்டு, மூடி வெச்சுடு. தானா பரவட்டும், தானா காயட்டும். ராடு போடாத. ஓவன்ல வெக்காத. ரெண்டு பக்கமும் அள."

"தெரியும் மேடம். அஞ்சு வருசமா பாத்துக்கினுதான கீறேன்."

"ஒனக்குத் தெரியும்னு தெரியும். நைனாவ அப்டியே உட்டுட்டு வர முடியல, அதான் சொல்லிக்கினு இருக்கேன்."

முதல் ஐந்து நாளில் பன்னிரண்டு தகடு செய்தேன். அவர் சொன்ன மாதிரியே செய்தேன். ஈரக் காற்றில் ஒவ்வொன்றும் காய இரண்டு நாள் ஆனது. ஒரு பக்கம் அளக்க இருபது நிமிஷம், திருப்பி வைத்து இன்னொரு இருபது நிமிஷம். பன்னிரண்டையும் திருப்பினேன். நாலுக்கு நாலு, மூன்றரைக்கு மூன்றரை, அப்படியே பொருந்தி வந்தது. ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் புள்ளி வைத்தேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

ஆறாம் நாள் பெயிண்டு பேட்ச் ஒன்று அவசரம் என்று முதலாளி நெருக்கினார். பதினெட்டு தகடு பாக்கி இருந்தது. எங்கள் பெயிண்டு வேலையில் சொட்டு விட்டுக் காத்திருக்கிற சங்கதியே கிடையாது. கம்பி சுற்றிய எவர்சில்வர் தடி ஒன்று உண்டு, கோட்டிங் ராடு என்போம். கண்ணாடியில் ஊற்றி, ராடை வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஓவனில் வைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஐம்பது இழுத்த கை என் கை. அது யோசிக்கவில்லை. ஒரே மத்தியானத்தில் பதினெட்டும் இழுத்து முடித்தேன். குடுவையும் காலி.

அளந்தால் பிளஸ் முப்பது. அடுத்தது முப்பத்தொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அம்மா நாலு வருடமாக வாங்க முடியாத எண்ணை ஒரு பி.எஸ்ஸி. கை வாங்கிவிட்டது என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தைவிட அந்தத் திமிர்தான் அதிகமாக இருந்தது. இரண்டு நாளில் பதினெட்டுக்கும் முன்பக்கம் அளந்தேன். பின்பக்கம் அளக்க வேண்டிய சாயங்காலம் மணி ஐந்து ஆகியிருந்தது. ஐந்தே முக்கால் ரயிலை விட்டால் அடுத்ததில் ஷிப்டு விட்ட கூட்டம் மொத்தமும் ஏறும். வீட்டுக்குப் போனால் மாமியார் முகம் வேறு. பன்னிரண்டிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்தானே வந்தது, இதிலும் அப்படித்தான் வரும் என்று உட்கார்ந்து எழுதினேன். முன்பக்கம் முப்பத்தொன்று, பின்பக்கம் முப்பது. முன்பக்கம் இருபத்தொன்பது, பின்பக்கம் முப்பது. அப்படியே காப்பி அடித்த மாதிரி தெரியக் கூடாதென்று கடைசி எண்ணை மட்டும் முன்னே பின்னே மாற்றினேன். பிறகு மார்க்கரை எடுத்துப் பதினெட்டு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

மறுநாள் வந்து திருப்பியிருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் புள்ளி வைத்தாகிவிட்டதே. வைத்த புள்ளியை அழித்து மறுபடி அளப்பது என்றால், நேற்று பொய் எழுதினேன் என்று எனக்கு நானே ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

மேடம் வந்து லாக் புக்கைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முப்பதா?"

"ஆமா மேடம்."

ஒரு தகட்டை எடுத்துத் திருப்பினார். சிவப்புப் புள்ளி இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இருந்தது. எப்படிப் பூசினாய் என்று கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்துவிட்டால் எப்படிப் பூசினாலும் சரி என்பது அவர் கணக்கு. ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாத்தையும் திருப்பினியா?"

"திருப்பினேன் மேடம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெஷின் பக்கம் போய் உறையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "நீ திருப்பினா நான் திருப்பின மாதிரிதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. மறுநாள் காலை கேன்டீனில் இட்லியைப் புரட்டாமல் சாப்பிட்டார். மாஸ்டருக்கே தாங்கவில்லை. "இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு திருப்பல?" என்றார். "இன்னிக்கு ஒரு நாள் உங்கள நம்பறேன் மாஸ்டர்" என்றார் அவர். நான் தண்ணீர் குடித்துவிட்டு என் தட்டைக் காலி செய்தேன்.

தீசிஸ் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆறேழு மாதம் கழித்து, அதைப் படித்த தேர்வாளர் மூன்று தகடு கேட்டு எழுதினார். மேடம் பெருமையாக, முப்பது காட்டிய தகடுகளாகவே பொறுக்கி அனுப்பினார். முதல் பன்னிரண்டில் ஒன்றாவது அனுப்புங்கள் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த அறையில் தேர்வாளர் ஒரு தாளை மேஜையில் வைத்திருக்கிறார். அவர் லேபில் அளந்தது. முன்பக்கம் பிளஸ் முப்பத்தொன்று, பின்பக்கம் மைனஸ் இருபத்தெட்டு. மூன்று தகடும் அப்படித்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் அந்தப் பழைய கைடும் இருந்திருக்கிறார். அவர்தான் எழுந்து நிதானமாகக் கேட்டாராம், "என்னம்மா, நீ திருப்பலையா?" என்று.

மறுநாள் மேடம் வேலைக்கு வந்து, வைவாவில் நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். குரல் ஏறவில்லை. அலமாரியில் இருந்து இருபத்தேழாம் தகட்டை எடுத்து மெஷினில் வைத்தார். பிளஸ் முப்பது. திருப்பி வைத்தார். மைனஸ். நாற்பது நிமிஷம் நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் தகட்டை வெளியே எடுத்து, பின்பக்க மூலையைக் காட்டினார்.

"இந்தப் புள்ளி நீ வெச்சதுதான?"

"ஆமா மேடம்."

அவர் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்துவிட்டது. என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

"யாரு அளந்தது இத?" என்றார் முதலாளி. நான் தரையைப் பார்த்தேன். அந்த மாதம் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தது. என் வேலையும் போனால் நடுத்தெருதான். அதெல்லாம் நிஜம். ஆனால் அதெல்லாம் இல்லாவிட்டாலும் நான் தரையைத்தான் பார்த்திருப்பேன்.

"தீசிஸ் என்னுது சார். நான் திருப்பியிருக்கணும்" என்றார் மேடம்.

முதலாளி கோபப்படவில்லை. அவர் வேறு கணக்கில் இருந்தார். "அத உடும்மா. இது பெருசா எரியுதே, எனக்கு இது போதும். டப்பாவுல ஒட்டின ஸ்டிக்கர எவன் பிச்சுத் திருப்பிப் பாக்கப் போறான்?"

"அது பொய் சார். இழுத்துப் பூசினதால வர்ற பொய்."

"டப்பாவுல ஒட்டிட்டா நெஜம்மா அது. அப்டியே இழுத்து இழுத்துப் பூசிக் குடுங்க."

"நான் செய்ய மாட்டேன் சார்."

"செய்யாதவங்களுக்கு இங்க இன்னா வேலை?"

மேடம் தலையாட்டினார். பிறகு ஒன்று கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் அந்த மனிதரிடம் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "மொத பன்னெண்டு தகட்ட மட்டும் குடுத்துடுங்க சார். வேற எங்கயாவது கொண்டு போயி அளந்து பாத்துக்கறேன்."

"கம்பெனி சரக்கு கேட்டத் தாண்டாது."

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார். மறுநாள் முதலாளி, லேபைக் காலி பண்ணி, கண்ணாடியெல்லாம் கழுவி வை என்றார். தொட்டியில் தின்னர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பன்னிரண்டு தகடும் தனிப் பெட்டியில் இருந்தன. ஊதா விளக்கைப் போட்டால் லேசான பச்சை. ஒன்றை எடுத்துப் புடவைக்குள் சொருகிக்கொண்டு போயிருக்கலாம். கேட்டில் பெண்களைச் சோதிக்க ஆள் கிடையாது. கவரைப்பேட்டையில் இறங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயில் பிடித்திருக்கலாம். அந்தப் பன்னிரண்டும் நிஜம் என்று ஊருக்குத் தெரிந்தால், பதின்மூன்றாவதில் இருந்து என்ன ஆனது, யார் கை என்று கேள்வி வரும். ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டேன். பச்சைப் படலம் உரிந்து கரைந்தது. கறுப்புப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும்கூடக் கரைந்துபோயின. துடைத்து அடுக்கினால் புதுக் கண்ணாடி.

மேடம் இருந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். ஸ்டிக்கர் ஓடியது. நான் ராடால் இழுத்ததை இப்போது ஒரு மெஷின் மீட்டர் கணக்கில் இழுக்கிறது. என் வீட்டில் நல்ல பெயர், மாமியார் முகமும் நேரானது.

மூன்று வருடம் கழித்து ஒரு சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. அவர் பார்த்துவிட்டார். கையில் மருந்துக்கடைப் பை.

"வா, ஒக்காரு."

உட்கார்ந்தேன். பொன்னேரியில் ஒரு ட்யூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறாராம். அப்பா படுக்கையில்தான் இருக்கிறாராம். பையில் இருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். மூலையில் ஸ்டிக்கர்.

"நம்மளுதுதான?"

"ஆமா மேடம்."

டப்பாவைத் திருப்பவில்லை. காலாவதி மாதம்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். மூன்று வருடமாக உள்ளே கிடந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"மேடம், அந்த பதினெட்டு தகடு நான்..."

"அது தெரியும்." கையைக் காட்டி நிறுத்தினார். "அத உடு. மொத பன்னெண்டு. அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். அதயாவது திருப்பினியா?"

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பட்டம் போனது போனதுதான். தான் ஒரே ஒரு தகட்டில் பார்த்த நாலு தற்செயலா, செய்த பாலிமர் நிஜமா என்று தெரிய வேண்டும். அதற்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி என் இரண்டு கண். நான் அவருக்குக் கொடுக்க முடிந்த ஒரே நிஜமும் அதுதான்.

"திருப்பினேன் மேடம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அன்று லேபில் சொன்னதும் இதையேதான். அதே குரல், அதே பணிவு.

"இன்னா வந்துச்சு?"

"முன்னாடி நாலு. பின்னாடியும் நாலு. பன்னெண்டும் அப்டித்தான், செலது மூணரைக்கு மூணரை. என் பொண்ணு மேல சத்தியமா மேடம்."

"சத்தியம்லாம் வேணாம்மா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ தேடினார். கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி" என்றார்.

கும்மிடிப்பூண்டி ரயில் வந்தது. ஐந்து வருடம் ஒன்றாகப் போன அதே பெண்கள் பெட்டி நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராகத்தான் வந்து நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்துபோய் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.